மயக்க மருந்து மூளையில் தங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 37. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஐந்து கிழமைக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. இதயத்துக்காக க்ளோபிடோக்ரெல் குளிசை போடுபவர் என்பதால் முதுகில் ஊசி போட முடியாது, முழு மயக்கம்தான் என்றார்கள். நான்தான் கையெழுத்து வைத்தேன். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் இரண்டாம் இரவு வார்ட்டைப் பரீட்சை மண்டபம் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் "நேரம் முடிஞ்சுது, பேப்பரைக் கட்டுங்கோ" என்று சத்தம் போட்டார். மூன்று நாளில் அது தெளிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா பழைய ஆள் இல்லை. புட்டை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். மீன்காரருக்குக் காசு கொடுத்தாயிற்றா என்று மூன்று தரம் கேட்கிறார். பத்திரிகையில் ஒரு பந்தியை வாசித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்குகிறார். இரவில் தூக்கம் வரவில்லை என்று பிரிட்டன் என்ற தும்மல் குளிசை ஒன்று போட்டுக்கொள்கிறார். காது மெஷினை வைத்தியசாலைக்குக் கொண்டு போகவில்லை, இப்போதும் போடுவதில்லை. மயக்க மருந்து மூளை நரம்புகளின் இணைப்புகளை அழித்துவிடும் என்று இணையத்தில் வாசித்தேன். நான் கையெழுத்து வைக்காமல் விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ? அடுத்த மாதம் என் நான்கு வயது மகனுக்குக் குடலிறக்க சத்திரசிகிச்சை இருக்கிறது. "பிள்ளையின் மூளை மழுங்கிப் போகும், கொஞ்சம் வளரட்டும்" என்கிறார் மாமி. என்ன செய்வது?

பதில்:

அன்பின் தங்கைக்கு,

முதலில் அந்தக் கையெழுத்தை முடித்துவிடுவோம். க்ளோபிடோக்ரெல் இரத்தத்தை எளிதில் உறைய விடாத குளிசை. அதைப் போடுபவருக்கு முதுகில் ஊசி ஏற்றினால், தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து, அது நரம்பை அழுத்தி, கால் விளங்காமல் போகும் ஆபத்து இருக்கிறது. அந்தக் குளிசையின் வேலை உடம்பிலிருந்து ஓய ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும். முறிந்த இடுப்போடு 71 வயது மனுஷியை ஒரு கிழமை படுக்கையில் போட்டு வைத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும். நானாக இருந்தாலும் முழு மயக்கம்தான் கொடுத்திருப்பேன்.

சரி, ஊசி போட முடிந்திருந்தால்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 வைத்தியசாலைகளில், இடுப்பு முறிந்த 1,600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதுகு ஊசியும் மறு பாதிக்கு முழு மயக்கமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் மனம் குழம்பியவர்கள் முதுகு ஊசிப் பக்கம் 20.5 சதவீதம், முழு மயக்கப் பக்கம் 19.7 சதவீதம். என் தொழிலில் முதுகு ஊசிதான் மூளைக்கு நல்லது என்று பல வருடம் நம்பியிருந்த பலருக்கு (அதில் நானும் ஒருவன்) அது கொஞ்சம் வெட்கம் தந்த முடிவு. நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்து வைத்திருந்தாலும், அம்மா அன்றிரவு பேப்பர் கட்டச் சொல்லியிருக்க அதே அளவு வாய்ப்பு இருந்தது.

இனி அந்த "இணைப்புகளை அழிக்கும்" என்ற செய்திக்கு வருகிறேன். அது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதில் வருவதற்கு முன் நம் வீடுகளுக்கு நடுவே கிடுகு வேலிதான் இருந்தது. அதில் பொட்டு என்று ஒரு சின்னத் திறப்பு இருக்கும். குழம்புக் கிண்ணமும் சீனிச் சுண்டும் ஊர்ப் புதினமும் அதன் வழியாகத்தான் போகும், வரும். இரண்டு வீட்டுக்கும் உறவு நன்றாக இருந்தால் பொட்டு தானாக அகலும். கோபம் வந்து ஆறு மாதம் கதை இல்லையென்றால் கிடுகு சரிந்து மூடிவிடும். மூளையில் ஒரு நரம்புக் கலத்துக்கும் மற்றதுக்கும் நடுவே இருக்கும் நரம்பிணைப்பும் இப்படித்தான். இடைவெளி மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் அதில் ஒன்று. இந்தப் பக்கத்துக் கலம் ஒரு துளி இரசாயனத்தை நீட்டுகிறது, அந்தப் பக்கத்துக் கலம் வாங்குகிறது. அடிக்கடி கொடுக்கல் வாங்கல் நடந்தால், வாங்கும் பக்கம் கூடுதல் கைகளை நீட்டி வைத்துக்கொள்ளும். அடுத்த தரம் மெல்லக் கூப்பிட்டாலும் கேட்கும். இப்படி இணைப்பு பலக்கவும் மெலியவும் கூடிய தன்மையைத்தான் நரம்பிணைப்பின் நெகிழ்திறன் என்கிறோம். மீன்காரருக்குக் காசு கொடுத்த நினைவு மூளையில் நிற்பது இந்த வழியில்தான்.

இணைப்பு பலப்படுவதற்கு ஒரு வாசல் திறக்க வேண்டும். என்எம்டிஏ ஏற்பி என்று அதற்குப் பெயர். சாதாரண நேரத்தில் அதன் வாயில் மக்னீசியம் அடைத்துக்கொண்டு நிற்கும். கொடுக்கும் பக்கத்திலிருந்து செய்தி வந்து, வாங்கும் பக்கக் கலமும் நன்றாக விழித்திருக்கும் அதே கணத்தில்தான் அடைப்பு விலகி, கல்சியம் உள்ளே பாய்ந்து, "இந்த உறவைப் பலப்படுத்து" என்ற வேலை தொடங்கும்.

நாங்கள் கொடுக்கும் மருந்துகள் இரண்டு விதமாக இதில் கை வைக்கின்றன. புரோபோஃபோல், செவோஃப்ளுரேன் போன்றவை காபா என்ற அடக்கும் இரசாயனத்தின் பக்கம் நின்று, கலங்களை விழிக்க விடாமல் வைத்திருக்கின்றன. கெற்றமினும் நைட்ரஸ் ஒக்சைட்டும் நேரே போய் அந்த வாசலையே மறிக்கின்றன. எந்த வழியில் போனாலும் அந்த நேரத்தில் புதிய நினைவு எழுதப்படாது. சத்திரசிகிச்சை மேசையில் நடந்தது ஒன்றும் அம்மாவுக்கு நினைவில் இல்லை என்றால், நாங்கள் எங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம். நினைவை நிறுத்தும் அளவு, உணர்வை நிறுத்தும் அளவைவிடக் குறைவு. அதனால்தான் முழு மயக்கம் இல்லாமல் கொஞ்சம் தூக்க மருந்து மட்டும் கொடுத்த சிலர், எங்களோடு நன்றாகக் கதைத்துவிட்டு, பிறகு "நான் கதைத்தேனா?" என்று கேட்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இணைப்புகள் இப்படிப் பலப்பட்டு நிலைத்து நிற்கும் என்பதை விவரமாகக் காட்டிய முதல் ஆய்வு 1973-இல் வெளியானது. பிளிஸ், லோமோ என்ற இருவர் செய்தது. முயல்களின் மூளையில் பார்த்தார்கள், அந்த முயல்கள் மயக்கத்தில் இருந்தன! ஆக, மயக்கம் என்றாலே நெகிழ்திறன் செத்துப்போகும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எந்த மருந்து, எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த வயதில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்து போன பிறகு? புரோபோஃபோல் நின்றால் சில நிமிடங்களில் கண் திறக்கும். செவோஃப்ளுரேன் மூச்சோடு போய்விடும். ஐந்து கிழமை கழித்து அம்மாவின் மூளையில் அந்த மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் மருந்து போனாலும் அதன் சுவடு கொஞ்சம் தங்கலாம் என்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் காபா ஏற்பியின் ஒரு தனி வகை நிறைய இருக்கிறது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை ஒரு தரம் கொடுத்த சுண்டெலிகளில், மருந்து வெளியேறிய பிறகும் ஒரு கிழமை வரை அந்த ஏற்பிகள் கலத்தின் மேற்பரப்பில் கூடுதலாக நின்றன, நினைவும் மங்கலாக இருந்தது. நீங்கள் வாசித்த செய்தி இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்திருக்கலாம். கவனியுங்கள், அங்கே இணைப்பு எதுவும் அழியவில்லை. பொட்டின் முன்னால் காவல் கொஞ்ச நாள் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

மனிதர்களில் நிலைமை என்ன? 60 வயதைத் தாண்டிய 1,218 பேரைப் பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 1998-இல் வெளிவந்தது. ஒரு கிழமையில் 25.8 சதவீதம் பேருக்கு நினைவும் கவனமும் பின்தங்கியிருந்தன. மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாக இறங்கியது. சத்திரசிகிச்சையே செய்யாத அதே வயதுக்காரரில்கூட மூன்று மாதத்தில் 2.8 சதவீதம் பேர் அப்படி இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஒன்று, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அம்மா இப்போது நிற்பது ஒரு கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவே, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் சரிவில்.

மயக்க மருந்தைவிட எனக்குப் பெரிய சந்தேகம் காயத்தின் மேல்தான். எலும்பு முறிந்து, தசையை வெட்டி, உலோகத்தைப் பொருத்தும்போது உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. அந்த இரசாயனங்கள் மூளையின் காவல் கலங்களையும் உசுப்பிவிடும். உசுப்பிய காவல்காரர் நரம்பிணைப்புகளின் வேலையைக் குழப்புவார்கள். அதோடு நோ, தூக்கமில்லாத வார்ட், புதிய முகங்கள், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்தால் வருவதுதான் அந்தப் பரீட்சை மண்டபம். நம் பாட்டிமார் இதைச் சன்னி என்றார்கள். காய்ச்சலில் வந்தாலும் சத்திரசிகிச்சைக்குப் பின் வந்தாலும் சாதி ஒன்றுதான். அம்மாவுக்குக் காது மெஷினும் இல்லாமல், இரவில் மங்கல் வெளிச்சத்தில், வரிசையாகக் கட்டில்கள். முப்பது வருடம் பரீட்சை மேற்பார்வை செய்தவருக்கு வேறு என்ன இடமாகத் தெரியும்?

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த வரி பிரிட்டனைப் பற்றியது. தும்மலுக்கும் கடிக்கும் எல்லா வீட்டிலும் இருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் குளிசையை யாரும் மருந்து என்றே கணக்கெடுப்பதில்லை. அது குளோர்பெனிரமின். தூக்கம் தருவதோடு நிற்காது, அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தையும் மறித்துவிடும். ஹிப்போகாம்பஸில் நினைவு பதிய அந்த அசற்றைல்கோலின் வேண்டும். வயதானவருக்கு இந்த வகை மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலே இருக்கிறது. மயக்க மருந்து ஒரு தரம், அதுவும் ஐந்து கிழமைக்கு முன். பிரிட்டன் ஒவ்வோர் இரவும். இரண்டில் எதைப் பிடித்து விசாரிப்பீர்கள்? இன்றிரவே நிறுத்தலாம். கூடவே கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் முழுவதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். நோவுக்கு ட்ரமடோல், நரம்பு நோவுக்கு அமிட்ரிப்டிலின் என்று ஏதாவது இருந்தால் அதுவும் பங்காளிதான். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயக் குளிசையையும் தொடவே வேண்டாம்.

அடுத்தது காது மெஷின். கேட்காத சொல் மூளையில் பதியாது. மீன்காரருக்குக் காசு கொடுத்தாயிற்று என்று நீங்கள் சொன்ன மூன்று தரத்தில் அம்மாவுக்கு எத்தனை தரம் கேட்டது? பற்றரியை மாற்றி, காலையில் முகம் கழுவியதும் மூக்குக் கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இரத்தப் பரிசோதனைக்கு எழுதும்படி கேளுங்கள்: சோடியம், இரத்தச்சோகை, தைரொயிட், விற்றமின் பி12. சிறுநீரையும் பார்க்கட்டும். வயதானவருக்குச் சிறுநீரில் கிருமி வந்தால் எரிவு வராமல் குழப்பம் மட்டுமே வரலாம். இரத்த அழுத்தத்துக்கு நீர் போக்கும் குளிசை போடுபவராக இருந்தால் சோடியம் இறங்கியிருக்க இடமுண்டு. இவை எல்லாம் திருத்தக்கூடியவை. திருத்தாமல் விட்டுவிட்டு மயக்க மருந்தின் மேல் பழியைப் போட்டால் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை.

பகலில் நடக்க விடுங்கள், வெயில் முகத்தில் படட்டும். இரவுத் தூக்கத்துக்கு பிரிட்டனைவிட அது நல்லது. உப்புவெளிக் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது என்று மணலில் கூட்டிப் போக வேண்டாம். கால் புதையும். ஊன்றுகோலோடு தார் ரோட்டில், ஏறு வெயிலுக்கு முன். கன்னியா வெந்நீரில் வார்த்தால் தெளியும் என்று யாராவது சொன்னால், காயம் நன்றாக ஆறிய பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடுங்கள். நீர் கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கிணறுகளைச் சுற்றி எப்போதும் ஈரம், இன்னொரு வழுக்கலை இந்த இடுப்பு தாங்காது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். "இன்று என்ன கிழமை? காலை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அம்மாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். முழு வாழ்க்கையும் பிறருக்குப் புள்ளி போட்டவர் அவர், தான் பிழைவிடுவது உங்களைவிட முதலில் அவருக்குத்தான் தெரியும். அதற்குப் பதிலாகப் பேரனுக்கு எண் எண்ணச் சொல்லிக் கொடுக்க விடுங்கள். புட்டு அவிக்கும்போது பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருங்கள், ஆனால் அகப்பையை வாங்காதீர்கள். பாவிக்கும் பொட்டுத்தான் அகலும்.

இவற்றில் ஏதாவது வந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது: திடீரென்று குழப்பம் கூடுவது, பகலில் எழுப்ப முடியாத தூக்கம், காய்ச்சல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்வது, கடுமையான தலையிடி. கிணற்றடியில் விழுந்தபோது தலையும் அடிபட்டதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. க்ளோபிடோக்ரெல் போடுபவருக்குத் தலைக்குள் மெல்ல மெல்லக் கசியும் இரத்தம் சில கிழமைகள் கழித்துத்தான் முகம் காட்டும். அடிபட்டிருந்தால் அதை வைத்தியரிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கள். ஸ்கான் தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

மூன்று மாதம் தாண்டியும் புட்டுப்பானை கருகிக்கொண்டேயிருந்தால் முறையான நினைவுப் பரிசோதனைக்குப் போகவேண்டும். விழுவதற்கு முந்திய வருடத்தை அப்போது நினைத்துப் பாருங்கள். தெரிந்த பாதை தடுமாறியதா, ஒரே கதையை ஒரே நாளில் சொன்னாரா, வீட்டுக் கணக்கை வேறு யாரிடமாவது ஒப்படைத்தாரா? மெல்லத் தொடங்கியிருந்த மறதி நோயை ஒரு சத்திரசிகிச்சை வெளியே இழுத்துப் போடுவதும் உண்டு. கணித ஆசிரியையில் அதைக் கண்டுபிடிப்பது கடினம், கெட்டிக்காரர் நீண்ட நாள் சமாளிப்பார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்போது கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே பதிலை யோசித்து வைத்தால் நல்லது.

இனி மகன்.

மாமியின் பயத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. 2003-இல் அமெரிக்காவில் ஏழு நாள் வயது எலிக்குஞ்சுகளுக்கு மிடசோலம், நைட்ரஸ் ஒக்சைட், ஐசோஃப்ளுரேன் மூன்றையும் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தார்கள். மூளையில் நிறையக் கலங்கள் செத்தன. வளர்ந்த பிறகும் ஹிப்போகாம்பஸில் இணைப்புகள் பலப்படும் திறன் குறைந்திருந்தது, வழி கற்றுக்கொள்வதிலும் பின்தங்கின. வளரும் மூளையில் இணைப்புகள் ஒன்றோடொன்று கதைத்துத்தான் நிலைக்கின்றன, அந்தக் கதையை நீண்ட நேரம் நிறுத்தினால் கணக்கு மாறும். உலகம் முழுக்க மயக்க மருந்துக்காரர் எல்லோரும் அன்றிலிருந்து தூக்கம் கெட்டோம்.

அதனால்தான் பிள்ளைகளில் ஒழுங்காகப் பார்த்தார்கள். அதுவும் உங்கள் மகனுக்குள்ள அதே குடலிறக்கத்தில். ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகள், பாதிப் பேருக்கு செவோஃப்ளுரேன், பாதிப் பேருக்கு விழித்திருக்கும்போதே விறைப்பு ஊசி. மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. ஐந்து வயதில் நுண்ணறிவைச் சோதித்தபோது இரண்டு பக்கமும் சராசரி 99. முடிவு 2019-இல் வெளிவந்தது. 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு, மூன்று வயதுக்கு முன் குடலிறக்க சிகிச்சை பெற்ற பிள்ளையையும், மயக்கம் பெறாத அதே வீட்டுச் சகோதரத்தையும் ஒப்பிட்டது. 105 சோடி. அங்கும் நுண்ணறிவில் வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் கொடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தையும் பற்றியது. உங்கள் மகனுக்கு நான்கு வயது, ஒரு தரம், குறுகிய நேரம்.

வளரட்டும் என்று தள்ளிப்போட்டால் குடல் வந்து இறுகிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அப்படி ஆனால் நடுச்சாமத்தில், நிறைந்த வயிற்றோடு, அவசரமாக அதே மயக்கத்தைக் கொடுக்க வேண்டிவரும். நீண்ட நேரமும் எடுக்கும். குறித்த திகதியில் செய்துவிடுங்கள்.

கண் விழிக்கும்போது பிள்ளை கத்திக் குழறி, கையைக் காலை அடித்து, உங்களையே அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்ளலாம். செவோஃப்ளுரேனுக்குப் பின் சின்னப் பிள்ளைகளில் இது சாதாரணம். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். அம்மாவைப் பார்த்த கண்ணோடு இதையும் பார்த்து நீங்கள் பதறக்கூடாது என்றுதான் முன்னாலேயே சொல்கிறேன். அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.

சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆடும் பல் இருந்தால் அதையும். பொதுவாகச் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வோம், உங்கள் வைத்தியசாலை சொல்லும் நேரமே இறுதி. பால்தேநீர் தண்ணீர்க் கணக்கில் சேராது, பாலில் தோய்த்த பிஸ்கட்டும் சேராது. "பசியோடு பிள்ளையை அனுப்புவதா" என்று விடியற்காலையில் கோப்பையோடு வரப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். மாமியிடம் முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள்.